குதிரை முதுகில் ஆறு நாள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "பன்னிரண்டு வருஷமா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலே இருக்கே. பசங்களுக்குப் பிரயோஜனமா ஆட்டோமேஷனைப் பத்திப் பேசு" என்றார். "குதிரையைப் பத்திப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எத்தனை எச்.பி. குதிரை?" என்றார். "ஒண்ணுதான் சார்" என்றேன். சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார். அந்த நல்ல மனசுக்கு முதல் நன்றி.

எச்.பி. என்று ஆரம்பித்ததால் அங்கிருந்தே போகலாம். நம்ம தொழிற்பேட்டையில் எந்த மோட்டாரைப் பார்த்தாலும் தகட்டில் 5 எச்.பி., 10 எச்.பி. என்று அடித்திருக்கும். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்பதற்காக, அன்று வேலை செய்துகொண்டிருந்த குதிரையோடு ஒப்பிட்டுக் காட்டிய கணக்கு அது. நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு, அதாவது சுமார் 746 வாட். நாள் முழுக்க இழுக்கும் குதிரைக்கு இது சரிதான். ஆனால் சில விநாடிகளுக்கு மட்டும் முழு மூச்சாக இழுத்தால் ஒரு குதிரை ஏறக்குறைய 15 எச்.பி. வரை கொடுக்க முடியும் என்று 1993-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வந்தது. நாலு வருஷம் இந்த எச்.பி.யைப் பெருக்கி வகுத்துப் பாஸ் செய்தோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு குதிரையைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்? கல்யாண ஊர்வலத்தில் சாரட் வண்டியில் பூட்டிய குதிரையைப் பார்த்திருப்போம். அவ்வளவுதான்.

சொல்லப்போனால் நம்ம ஊருக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து வில்லியனூர் கூப்பிடு தூரம். சுடுமண் வேலைக்குப் பெயர் போன ஊர். சுற்றுவட்டார அய்யனார் கோயில்களில் போய்ப் பாருங்கள், வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் குதிரை நிற்கும். இந்தப் பக்கம் செஞ்சிக்குப் போனால் ராஜா தேசிங்கு. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் உயிரைவிட்டவர். அவருடைய பாராசாரிக் குதிரையை நம் கதைப்பாடல்காரர்கள் அவருக்குச் சமமாக வைத்துப் பாடினார்கள். அந்தச் செஞ்சிக் கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையும் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். இவ்வளவு குதிரை கோயிலிலும் பாட்டிலும் இருக்கிறது, தமிழ்நாட்டுக்கென்று பதிவு செய்யப்பட்ட ஒரு நாட்டுக் குதிரை இனம் கிடையாது. மாட்டில் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் என்று அடுக்கலாம். நாயில் ராஜபாளையம், சிப்பிப்பாறை உண்டு. குதிரையில் இல்லை. சங்க காலத்திலேயே நமக்குக் குதிரை கப்பலில் வந்த சரக்கு. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜாக்கள் வருஷா வருஷம் அரபு நாட்டுக் குதிரைகளைக் கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் அவை செத்துப்போகின்றன என்று எழுதி வைத்திருக்கிறார். பராமரிப்பு தெரியாமல் எந்திரத்தை மட்டும் இறக்குமதி செய்கிற வியாதி நமக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது!

என் கதைக்கு வருகிறேன். என் மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரோவில்லில் உள்ள ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளியில் சேர்த்திருந்தேன். அவள் ஏறுவாள், நான் வேலிக்கு வெளியே நின்று போனைப் பார்ப்பேன். ஒருநாள் அவளே, "அப்பா, நீங்களும் ஏறுங்களேன், சும்மாதானே நிக்கறீங்க" என்றாள். அப்படிப் பிடித்துக்கொண்டதுதான். எட்டு மாதம் கற்றுக்கொண்டபிறகு, இந்த மண்ணின் குதிரை ஒன்றின் மேல் ஏறி, அது பிறந்த நாட்டுப்புறத்தில் ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அப்படி விசாரித்ததில் அகப்பட்டதுதான் ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரை. 2024 ஜனவரியில் பத்து நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

மார்வாரிக் குதிரையைக் காதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு காதுகளின் நுனியும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும். மேலே ஒரு வளைவு கட்டினது போல இருக்கும். ஒவ்வொரு காதையும் தனித்தனியாக 180 டிகிரி திருப்பும். மார்வார் என்கிற ஜோத்பூர் நாட்டை ஆண்ட ராத்தோர் ராஜபுத்திரர்கள் பல நூற்றாண்டுகளாகப் பாலைவனப் போருக்கென்று வளர்த்த இனம். வெயில் தாங்கும், தண்ணீர் குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். 1576-ல் ஹல்திகாட்டி யுத்தத்தில் ராணா பிரதாப்பைக் காப்பாற்றிவிட்டு உயிர்விட்ட சேத்தக்கைத் தங்கள் இனம் என்று மார்வாரிக்காரர்கள் சொல்வார்கள். குஜராத்துக் கத்தியவாரிக்காரர்கள் எங்கள் இனம் என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

இவ்வளவு பெருமை உள்ள குதிரை இருபதாம் நூற்றாண்டில் அழியும் நிலைக்கு வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தரோபிரட் போன்ற சீமைக் குதிரைகளுக்குத்தான் மதிப்பு. வளைந்த காதைக் கேலி செய்தார்கள். போர்க்களத்தில் டாங்கி வந்தது. 1918 செப்டம்பர் 23-ல் ஹைஃபா நகரை ஜோத்பூர் லான்சர் குதிரைப் படை பிடித்தது. அதற்குப் பிறகு உலகத்தில் குதிரைப் படைக்கு வேலை குறைந்துகொண்டே போனது. சுதந்திரத்துக்குப் பிறகு ஜாகிர் நிலங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1971-ல் மன்னர் மானியமும் நின்றது. லாயம் வைத்திருந்தவர்களுக்கே வருமானம் இல்லை என்றால் குதிரைக்குக் கொள்ளு யார் போடுவது? பலவற்றைக் காயடித்து வண்டியில் பூட்டினார்கள், பொதி சுமக்க விட்டார்கள். 1930களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல பொலிகுதிரைகளைச் சேர்த்து இனவிருத்தி செய்திருக்காவிட்டால், அவருடைய பேரன் கஜ் சிங் அதைத் தொடர்ந்திருக்காவிட்டால், 1999-ல் ஆர்வலர்கள் சேர்ந்து இந்திய நாட்டுக் குதிரைச் சங்கத்தை ஏற்படுத்தியிருக்காவிட்டால், இன்று அந்தக் காதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. இடையில் 2006-ல் ஒரு மார்வாரி பிரான்சில் ஷான்டியி நகரத்துக் குதிரை அருங்காட்சியகத்துக்குப் போனது. புதுச்சேரிக்காரன் என்பதால் இந்தத் தகவலைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சரி, பிரயாணத்துக்கான ஆயத்தம். குதிரைச் சவாரி என்றால் குதிரைதானே நடக்கிறது, நமக்கென்ன வேலை என்று நினைக்க வேண்டாம். சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. என் எடை அன்று 81. சேணம் ஒரு பத்து கிலோ. ஆக டிசைன் லோடைத் தாண்டி 11 கிலோ ஓவர்லோடு! பாலத்தில் லாரி போகும்போது ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி பேசுகிற நாம், உயிருள்ள முதுகுக்கு அதைப் பேச வேண்டாமா? எட்டு மாதத்தில் 70-க்கு இறக்கினேன். ராத்திரி பரோட்டாவை நிறுத்தியதில் வீட்டில் எல்லோரைவிடவும் வருத்தப்பட்டவர் வழுதாவூர் ரோட்டு பரோட்டாக் கடைக்காரர்.

சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு விமானம். அங்கிருந்து வடக்கே மூன்று நாலு மணி நேர கார்ப் பயணத்தில் நவல்கட். ஷேகாவாட்டி என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். ஜுன்ஜுனு, சீகர், சூரு மாவட்டங்கள். நமக்குத் தெரிந்த பெயர் சொல்லட்டுமா? பிலானி. பிட்ஸ் பிலானி இருக்கும் ஊர் அந்தப் பக்கம்தான். பிர்லா குடும்பத்தின் பூர்வீகமும் அதுதான். இப்படிப் பல வியாபாரக் குடும்பங்கள் கல்கத்தா, பம்பாய் போய்ச் சம்பாதித்து, சொந்த ஊரில் மாளிகை கட்டிச் சுவர் முழுக்கச் சித்திரம் தீட்டி வைத்தார்கள். நம்ம செட்டிநாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன் கோபியர் பக்கத்திலேயே ரயில் வண்டி, மோட்டார் கார், கிராமபோன் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். சில ரயில்களைப் பார்த்தால், வரைந்தவர் ரயிலைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டு வரைந்தது தெரியும். மெக்கானிகல்காரனுக்கு அதைவிடப் பெரிய தமாஷ் கிடையாது.

எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். நான் ஒருவன்தான் தமிழன். எனக்குக் கொடுத்தது ஒன்பது வயதுப் பெண்குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதைப் பார்த்துக்கொண்டவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு குதிரைக்காரர். எல்லோரும் அவரைக் காகா சா என்றே கூப்பிட்டார்கள். காகா என்றால் சித்தப்பா, சா என்பது அந்த ஊர் மரியாதை. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் அந்தக் குதிரையைப் 'பேட்டி' என்பார், மகளே என்று. முதல் நாள் சேணத்தை நான் கட்டியபிறகு, வாரின் கீழே தன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஒரு துளை தளர்த்தினார். "சாஹிப், இவளுக்கும் மூச்சு விடணும்" என்றார். என் ஹிந்தி ரொம்ப சுமார். ஆனாலும் அது புரிந்தது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பகல் பன்னிரண்டு வரை சவாரி. மர நிழலில் சாப்பாடு, குதிரைக்கும் ஓய்வு. மறுபடி மூணு மணியிலிருந்து பொழுது சாயும்வரை. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோமீட்டர். கூடாரமும் தீவனமும் ஒட்டக வண்டியில் முன்னால் போய்விடும். அந்த வண்டிக்குப் பழைய ஆகாய விமான டயரை மாட்டியிருந்தார்கள், மணலில் புதையாமல் ஓட. இரண்டு பக்கமும் கடுகு பூத்து மஞ்சள் விரித்த வயல். நடுநடுவே கேஜ்ரி மரங்கள். இலையைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ஆமாம், நம்ம வன்னி மரமேதான்! விருத்தாசலம் கோயில் தலவிருட்சம் அங்கே வயலுக்கு வயல் நிற்கிறது. ஆட்டுக்குத் தழை, மனிதனுக்குக் காய், மண்ணுக்கு உரம். ராத்திரி கம்பு ரொட்டியும் நெய்யும் வெல்லமும். நம்ம தாத்தா பாட்டி தின்ற கம்பை, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சாப்பிட்டேன். பரசராம்புராவில் 1750-ல் கட்டின ஷார்துல் சிங் நினைவு மண்டபத்தின் ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம்.

மார்வாரிக்கு 'ரேவால்' என்று ஒரு பிறவி நடை உண்டு. அதைக் கொஞ்சம் எஞ்சினியரிங்காகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குதிரை ஓட்ட நடை போடும்போது மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் ஒன்றாகப் பதியும். இரண்டு பதிவுக்கு நடுவே நாலு காலும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். அதனால் நம் இடுப்பு தூக்கித் தூக்கிப் போடும். ரேவாலில் நாலு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிகின்றன. எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கும். மேலே கீழே அதிர்வு மிகக் குறைவு. கையில் தண்ணீர் லோட்டாவை வைத்துக்கொண்டே போகலாம் என்று குதிரைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். ஷாக் அப்சார்பரும் இல்லை, சஸ்பென்ஷனும் இல்லை, மணலில் வழுக்கிக்கொண்டு போகிறது! இரண்டாம் நாள் அது கிடைத்தபோது, எட்டு மாதம் முதுகு வலித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

நாலாம் நாள் இரவுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது.

அன்று பயங்கரக் குளிர். ஷேகாவாட்டியில் ஜனவரி மாதம் சில இரவுகளில் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்குக் காகா சா லாந்தரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குதிரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் குதிரை பக்கத்தில் நின்றுவிட்டார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வயிற்றின் மேல் காதை வைத்துக் கேட்டார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு வாளியைப் பார்த்தார். சாயங்காலம் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. "பேட்டி தண்ணி குடிக்கலே. வயிறு பேசலே" என்றார்.

வயிற்றுவலி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். குதிரைக்கு அது உயிர் போகிற விஷயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியே வரவேண்டும். குளிரில் தண்ணீர் குடிக்காமல் உலர்ந்த தீவனம் மட்டும் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். ஒன்-வே வால்வு போட்ட குழாயில் அடைப்பு மாதிரி. வலியில் அது படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளவும் கூடும். அரை மணி நேரத்தில் அவர் சொன்னது சரி என்று எங்களுக்கும் தெரிந்துவிட்டது. குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்தது, தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, அந்தக் குளிரிலும் வியர்த்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்கள். வேறு ஒரு ஊரில் இருந்தார், வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை அதைப் படுக்க விடாமல் நடத்த வேண்டும். காகா சா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் இன்னொரு பக்கம் நடந்தேன். அவர் வழியெல்லாம் தாழ்ந்த குரலில் அதோடு பேசிக்கொண்டே வந்தார். பதினொன்றரைக்கு டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் மருந்து இறக்கினார். "நேரத்தோட கவனிச்சிருக்கீங்க. விடியறதுக்குள்ளே லத்தி போட்டா பிழைச்சுது" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுபடி நடை. நடந்து நடந்து எனக்குக் கால் மரத்துப்போயிற்று. அதிகாலை நாலரை மணிக்குக் குதிரை லத்தி போட்டது. நான் கல்லூரியில் கடைசி அரியர் பாஸ் ஆனபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. காகா சா மட்டும் எதுவும் சொல்லாமல் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் குதிரைக்கு ஓய்வு. நான் ஒட்டக வண்டியில் அவரோடு உட்கார்ந்து போனேன். ஆறு நாள் சவாரி என்று பெயர், கணக்குப் பார்த்தால் ஐந்து நாள்தான் குதிரையில். ஆனால் நான் அதிகமாகக் கற்றுக்கொண்டது அந்த வண்டியில்தான். "காகா சா, தண்ணி குடிக்காததைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நின்னீங்களே, எதைப் பார்த்து நின்னீங்க?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "காது" என்றார். "நான் கிட்ட வந்தா இவ காது என் பக்கம் திரும்பும். நேத்து திரும்பலே. உள்ளே எதையோ கேட்டுக்கிட்டு இருந்தா."

அவர் தாத்தா ஒரு டாக்கூர் வீட்டு லாயத்தில் இருந்தவர். அப்பா அதே லாயத்தில் கடைசிக் குதிரை விற்கும்வரை இருந்தவர். இவர் இருபது வருஷம் செங்கல் சூளை, லாரி என்று அலைந்து, சுற்றுலாச் சவாரி வந்தபிறகு மறுபடி குதிரைக்கு வந்தவர். சவாரி சீசன் அக்டோபர் முதல் மார்ச் வரை. குதிரை பன்னிரண்டு மாதமும் தின்னும். 2020-லும் 2021-லும் கொரோனாவால் ஒரு ஆள்கூட வரவில்லை. அப்போது இருந்த குதிரைகளில் பாதியை விற்றார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. "உங்க மகன் இந்த வேலைக்கு வருவாரா?" என்று கேட்டேன். "வரமாட்டான். நானும் கூப்பிடமாட்டேன். ஆறு மாசச் சம்பளத்திலே பன்னிரண்டு மாசம் சாப்பிடற வேலை இது" என்றார்.

நான் பதில் பேசவில்லை. எனக்கு விடுமுறை இனிக்க வேண்டும் என்பதற்காக அவர் மகன் குளிரில் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ஆனால் அந்தக் காதைப் படிக்கத் தெரிந்தவர் அவரோடு முடிந்துபோனால், காது மட்டும் வளைந்திருந்து என்ன பிரயோஜனம்?

நண்பர்களே, 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் இருக்கும் குதிரைகள், மட்டக்குதிரைகள் சேர்த்து சுமார் 3.4 லட்சம். 2012 கணக்கோடு பார்த்தால் 45.6 சதவீதம் குறைவு. ஏழே வருஷத்தில் ஏறக்குறையப் பாதி! யாரும் அவற்றை வெறுத்து ஒழிக்கவில்லை. வேலை போயிற்று, அதனால் ஆளும் போனார், குதிரையும் போயிற்று. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நம்மில் பலர் ராத்திரி பகலாக உட்கார்ந்தோமே, அன்று நாம் சொன்னதும் இதைத்தானே? காளைக்கு ஒரு வேலை இருந்தால்தான் காளையை வைத்திருப்பார்கள்.

இதை நம்ம ஊருக்கும் வைத்துப் பாருங்கள். 1898-ல் ஆரம்பித்த ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. தறியின் சத்தத்தை வைத்தே எந்த நூல் அறுந்தது என்று சொன்னவர்கள் அதில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது நாம் போய்க் கேட்டு எழுதி வைத்தோமா? எங்கள் பேட்டையில் ஒரு பழைய டர்னர் இருந்தார். லேத் பக்கத்தில் வராமலேயே, வாசலில் நின்று, "இன்னா தம்பி, பேரிங் அழுவுது, கேக்கலையா?" என்பார். வைப்ரேஷன் மீட்டர் மறுநாள்தான் அதைச் சொல்லும். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். காகா சா வயிற்றில் காதை வைத்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த டர்னர்தான் ஞாபகம் வந்தார்.

சிலர் கேட்பார்கள், பிராணியின் மேல் ஏறி ஊர் சுற்றுவது சரியா என்று. நியாயமான கேள்வி. என் பதில் இது. எடை கூடினவரை ஏற்றுகிற, காயம் பட்ட முதுகில் சேணம் போடுகிற, ஓய்வு கொடுக்காத இடத்துக்குப் போகவே போகாதீர்கள். அப்படிப்பட்டவரிடம் கொடுக்கும் பணம் அந்தக் கொடுமைக்குக் கூலி. ஒழுங்காக நடத்துகிறவரிடம் கொடுக்கும் பணம் கொள்ளாகவும் லாடமாகவும் போய்ச் சேரும்.

போக நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. முதலில் உள்ளூரில் ஆறு மாதமாவது கற்றுக்கொள்ளுங்கள். நடை, ஓட்ட நடை, மெல்லோட்டம் மூன்றிலும் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் உட்காரத் தெரிய வேண்டும். தலைக்கவசம் கட்டாயம், ராஜா மாதிரி தலைப்பாகை போட்டோவுக்கு மட்டும். குதிகால் உள்ள பூட்ஸ் போடுங்கள், இல்லையென்றால் விழும்போது கால் அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். போனவுடன் குதிரையின் முதுகையும் குளம்பையும் வாயோரத்தையும் பாருங்கள், புண் இருந்தால் ஏறமாட்டேன் என்று சொல்லுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம், ஆனால் கம்பளி வேண்டும். கடைசியாக, 'டிப்ஸ்' கொடுக்கும்போது மேனேஜரிடம் கொடுக்காமல் குதிரைக்காரர் கையில் நேராகக் கொடுங்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி இருக்கிறதே, அது குதிரையைவிட நம்மில் சிலருக்குத்தான் அதிகம் பொருந்தும்.

காகா சா மகன் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். பையன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "நீங்க எஞ்சினியராச்சே, எதிலே சேர்க்கலாம்?" என்று கேட்டார். கால்நடை உதவியாளர் டிப்ளமோ இருக்கிறது, அதைச் சேர்க்கலாம் என்றேன். பையனிடமும் போனில் பேசினேன். "படிப்பு அங்கே படி. ஆனா லீவிலே வந்து, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சதை ஒரு நோட்டிலே எழுது. புத்தகத்திலே இருக்கறது சரியா, அப்பா சொல்றது சரியான்னு ஒப்பிட்டுப் பாரு" என்றேன். இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறான். மாதம் ஒருமுறை போன் செய்கிறான். நோட்டில் நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. காதைப் பற்றி மட்டும் ஆறு பக்கமாம்.

இந்நாள் மாணவர்களே, உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு எங்கள் பேட்டைக்கு வருகிறீர்கள். எந்திரத்தைப் போட்டோ எடுக்கிறீர்கள், மேனேஜரிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள், போய்விடுகிறீர்கள். இந்த வருஷம் வரும்போது, அங்கே முப்பது வருஷமாக நிற்கும் ஒரு டர்னரையோ, ஃபிட்டரையோ, வெல்டரையோ தேடிப் போங்கள். அண்ணே என்று கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "எதைப் பார்த்து, எதைக் கேட்டுக் கண்டுபிடிக்கறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பிறகு உங்கள் சென்சாரை வைத்து அளந்து பாருங்கள். ஒரு மாணவருக்கு ஒரு தொழிலாளி போதும். முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் எங்கள் தொழிற்சாலைக் கதவைத் திறந்து வைக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் என் யூனிட்டுக்கு வருகிற முதல் மாணவருக்கு டீச் செலவு என்னுடையது. ஓய்வு பெற்ற அந்த டர்னர் வீட்டுக்கு வழியும் நானே காட்டுகிறேன். அவர் இன்னும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறது.